காமகுராவை வலம் வந்த கதை

என் திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டில் சொல்லி முடிக்க விடமாட்டார்கள்.

ஸ்காபரோவில் எங்கள் கோயில் திருவிழாவில் சனத்தை ஒழுங்குபடுத்துகிறவன் நான். மஞ்சள் பாதுகாப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். என்னைத் தாண்டி ஒருவரும் வலத்தை விட்டு இடமாகச் சுற்றியதில்லை (டொக்டர்மாரும்தான்). ஆகவே மகள் ஜப்பானுக்கு டிக்கெட் போட்டு, காமகுரா என்ற பழைய கோயில் நகரத்தில் ஒருநாள் நடக்கலாம் என்றபோது, திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. (ஒருவரும் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.)

பனிக்காலம் முழுக்க மோர்னிங்சைட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். வடக்கே ரயிலால் இறங்கி, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று ஊர் முழுவதையும் வலம் வருவது. ஒரு கோயிலையே வலம் வருகிறோம். கோயில்களால் ஆன ஊரைக் குறுக்கே வெட்டிப் போவது என்ன மரியாதை?

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேற்குப் பக்கம் வெட்டவெளியில் இருக்கும் பெரிய புத்தர் சிலை.

“நாங்கள் விட்டிட்டு வந்த ஊரில புத்தர் வந்தா பின்னால ஆமிப் பட்டாளம் வரும்,” என்றாள். “ஆமி இல்லாத புத்தரை ஒருக்காப் பார்க்கவேணும்.”

பார்க்கலாம், அவர் கடைசியில் வருவார் என்றேன்.

காமகுராவில் ரயிலால் இறங்கியதும் வந்தது வினை. புத்தருக்குக் குன்று வழியாகப் போகலாம் என்று வலப்பக்கம் அம்புக்குறி போட்ட பலகை. ஊர் வலக்கைப் பக்கம் இருக்க வலம் வரவோ இடப்பக்கம்தான் திரும்பவேண்டும் (கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள், விளங்கும்). மகளுக்கு விளங்கவில்லை.

“அப்பா, ஷோர்ட் ரூட் இந்தப் பக்கம். லிட்டரலி சைன் இருக்கு.”

அது அப்பிரதட்சிணம் என்றேன். ஜப்பான்காரனுக்குத் தெரியாதா என்று மனைவி கேட்டாள். அவனுக்குத் தெரிந்தாலும் எனக்குத் தெரியும் என்றேன். (இதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. சொல்லும்போது கம்பீரமாக இருந்தது.)

“அப்ப நீங்கள் சுத்திக்கொண்டு வாங்கோ.”

இருவரும் குன்றில் ஏறிவிட்டார்கள்.

நான் இடப்பக்கம் திரும்பினேன். கிழக்கில் படிகள், தெற்கில் மழை. வரைபடம் தட்டையாக இருந்தது என் குற்றமா? புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தது. ஆனாலும் ஒரு கோயிலையும் விடாமல் கும்பிட்டேன். புத்தரின் வாசலுக்குப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். காவலாளி குனிந்து வணக்கம் சொன்னார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். கதவு திறக்கவில்லை.

எதிர்க்கடையில் தாயும் மகளும் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தர் எப்படி என்று கேட்டேன்.

“சும்மா இருந்தார். நானும் பக்கத்தில சும்மா இருந்தனான்,” என்றாள் மனைவி. “ஒருத்தரும் ஐடென்ரி காட் கேக்கேல்ல.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது ஊர் திரும்பியபின், பக்கத்து யூனியன்வில்லில் மச்சான் வீட்டுப் பிறந்தநாளுக்கு, கேக் வெட்டி முடிந்தபின் நான் போனால், “இவர் வலம் வந்தவர்” என்று மனைவி அறிவிப்பாள். குழந்தைகள்கூடச் சிரிக்கும். சிரிக்கட்டும். அடுத்தமுறையும் இடப்பக்கம்தான் திரும்புவேன். புத்தர் அங்கேயேதான் இருப்பார். கதவைத்தான் கொஞ்சம் பிந்திச் சாத்தச் சொல்லவேண்டும்.