உன் அக்காவுக்குப் பொருந்தாத சைக்கிள்

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி

மதிப்பும் அன்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நான் நலம். தங்கள் சகோதரியைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் கழுத்து வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, இனிமேல் 'தாங்கள்' போட்டு எழுத நேரமில்லை. மச்சான், நீ சனிக்கிழமைக்குள் இங்கே வந்தாக வேண்டும். சைக்கிளை மாற்றியாக வேண்டும்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். என் காது இருக்கிற இருப்பில் ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் கீழ் வீட்டுக்காரரே நடுவில் பதில் சொல்கிறார். உன் அக்கா இப்போது உள்ளே தூங்குகிறாள். பகலில் கண் மூடாத பெண்பிள்ளை, இப்போது தினமும் மதியம் ஒரு மணி நேரம் தூங்குகிறாள். நான் இரண்டு முறை எழுந்து போய், மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது மச்சான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் இரண்டு பேரும் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளப் போனோம். ரத்தம், ஈசிஜி, எல்லாம் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனபோது நான் டாக்டர் அறைக்குள் போகவில்லை. போயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் தூணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேனா? அவரை இறக்கிவிட்டு, நான் ஏறி, மூன்று முறை எடுத்துக் காட்டி, நான்காவது முறை அவரே எடுப்பதற்குள் உன் அக்கா வெளியே வந்துவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது. எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்குத்தான் இதயத்துல கொஞ்சம் கோளாறாம். பயப்பட ஒண்ணுமில்லையாம். தினமும் அரை மணி நேரம் வீட்டுலயே சைக்கிள் மிதிக்கணுமாம். அடுத்த மாசம் மறுபடி பாத்துட்டு, தேறலன்னா ஆபரேஷனாம்."

முப்பத்தொரு வருடம் வண்டியோடு வாழ்ந்தவனுக்குச் சாவியைத் துளையில் போடத் தெரியவில்லை. அவள்தான் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். ரிப்போர்ட்டைக் காட்டு என்றேன். "பாத்தா உங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்றிலிருந்து காலையில் அவள் இரண்டு மாத்திரை போட்டுக்கொள்கிறாள், துணைக்கு எனக்கும் ஏதோ சத்து மாத்திரை இரண்டு கொடுக்கிறாள். ஏன் என்று கேட்காமல் விழுங்குகிறேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தால் சரி.

அடுத்து சைக்கிள் கடை. அங்கேதான் வினை ஆரம்பித்தது. மூன்று விதம் வைத்திருந்தார்கள். முதலாவது, முதுகுக்குச் சாய்மானம் வைத்துத் தாழ்வாக இருப்பது, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கலாம். இரண்டாவது பந்தயக்காரர்களுக்கானது, முன்னால் கனத்த இரும்புச் சக்கரம், குப்புறக் கவிழ்ந்துதான் மிதிக்க வேண்டும். மூன்றாவது நெட்டுக்குத்தலாக நிற்பது, சாதாரண சைக்கிள் போலத்தான், ஆனால் ஆள் உயரம். விற்பனைப் பெண் காந்தம், பெல்ட், எட்டு நிலை, பதினாறு நிலை என்று மூச்சு விடாமல் சொன்னாள். நான் ஒரே கேள்வி கேட்டேன். "பிரேக் எங்கம்மா?" அவள், "சார், இது நகராது" என்றாள். நகராத வண்டியாக இருந்தாலும் நிறுத்தத் தெரிய வேண்டாமா? நகராமலேயே எத்தனை பேர் பணிமனைச் சுவரில் மோதியிருக்கிறார்கள் என்று எனக்கல்லவா தெரியும்!

பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டேன். உனக்குத் தெரியும், பயிற்சிக்கு வருகிறவன் முன்னால் டம்ளரை வைத்து ஓட்டச் சொல்வேன், சிந்தினால் "எறங்கு!" என்பேன். அதனால்தானே எனக்கு 'எறங்கு சார்' என்று பெயர் வைத்தார்கள்? அதே டம்ளரை ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடி நடுவிலும் வைத்து மிதித்துப் பார்த்தேன். பந்தய சைக்கிள் பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டியது, விற்பனைப் பெண் துணி எடுத்து வந்து துடைத்தாள். உயரமானது நான்கு சொட்டு. சாய்மானம் வைத்தது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தாழ்வாக வேறு இருக்கிறது, உன் அக்கா உயரத்துக்குக் காலைத் தூக்காமல் உட்காரலாம். இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

உன் அக்கா ஒற்றைக் காலில் நின்றாள், அந்த உயரமானதுதான் வேண்டும் என்று. இருக்கையை எவ்வளவு இறக்கினாலும் அவளுக்குக் கட்டைவிரல் நுனிதான் மிதியைத் தொடுகிறது. "நீங்க ஏறி உக்காருங்க" என்றாள். ஏறினேன். குனிந்து என் முட்டியைப் பார்த்தாள். "இவருக்கு முட்டி சரியா மடங்குதா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறாள். "தொண்ணூறு கிலோ தாங்குமா?" என்று கேட்கிறாள். அவள் ஐம்பத்திரண்டு கிலோ மச்சான்! தொண்ணூறு கிலோவில் யார் ஏறி மிதிக்கப்போகிறார்கள் என்று கேட்டால், "சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு" என்கிறாள். பிடித்தால் நாடித்துடிப்பு காட்டும் கைப்பிடி வேறு இருக்கிறது. என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் அவள் பிடித்த பிடிதான் வென்றது. நோயாளியோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? பதினைந்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதால்தான் சம்மதித்தேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சைக்கிள் வந்தது. கூடத்து ஜன்னல் ஓரமாகப் போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கினோம். முக்காலி போட்டு ஏறினாள். மச்சான், உன் அக்கா நாற்பது வருடமாக எந்தக் காரியத்தையும் பிசகாகச் செய்து நான் பார்த்ததில்லை. இந்த ஒரு சைக்கிளை மட்டும் மிதிக்கத் தெரியவில்லை! முதல் நாள் குதிகாலால் மிதித்தாள். "எறங்கு!" என்றேன். நான் ஏறிக் காட்டினேன். இரண்டாம் நாள் முட்டி இரண்டையும் வெளியே விரித்துக்கொண்டு மிதித்தாள். எறங்கு, காட்டினேன். மூன்றாம் நாள் தோள் காதைத் தொடுகிறது. நான்காம் நாள் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கால் எங்காவது ஓடிவிடுமா? இரண்டு நிமிடம் மிதிப்பாள், எனக்குப் பொறுக்காது, ஏறிவிடுவேன். எதிரே நாற்காலியைப் போட்டுக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ காட்டுங்க, எனக்குப் பிடிபடல" என்பாள். வேகமாக மிதித்தால், "மெதுவா, மெதுவா. மூச்சு வாங்காமக் காட்டுங்க, டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க" என்பாள். பணிமனை வழக்கப்படி நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நேற்று வரை பத்து நாளில் அவள் மிதித்தது மொத்தம் இருபது நிமிடம். நான் காட்டிக் கொடுத்தது ஐந்து மணி நேரம். இப்படி மிதித்தால் இதயம் எப்படித் தேறும்? கவலையில் எனக்கு இடுப்பு வாரில் ஒரு துளை உள்ளே போய்விட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வியாழக்கிழமை மாடி ஏறும்போது எனக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. சைக்கிளை மாற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாளே, அந்தக் கோபம். நடுப்படியில் நின்றேன். திரும்பினால், உன் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, காகிதம்போல் வெளுத்த முகத்தோடு நிற்கிறாள். விரல் சில்லிட்டிருந்தது. அவள் உடம்பு எவ்வளவு மோசமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இல்லாத வீட்டில் நான் எந்த அறையில் போய் உட்காருவேன், சொல்.

வரும் திங்கட்கிழமை டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், துணைக்கு என்னையும் கட்டாயம் கூட்டி வரச் சொன்னாராம். கடைக்காரர் கொடுத்த கெடு சனிக்கிழமையோடு முடிகிறது. நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள், தம்பி சொன்னால் கேட்பாள். வந்து, அந்தச் சாய்மான சைக்கிளுக்கு மாற்றச் சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, தற்செயலாக வந்ததுபோல் வா.

உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும், நேராக முதுகை நிமிர்த்தி உட்காரும் பழக்கத்தோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மணி ஐந்து. உன் அக்கா எழுந்து ஏறிவிட்டாள். இன்று ஒற்றைக் காலால் மிதிக்கிறாள், கடவுளே! கூப்பிடுகிறாள். இதோ காட்டிவிட்டு வந்து ஒட்டுகிறேன்.

பி.கு.வுக்கு ஒரு பி.கு.: அன்புத் தம்பி, இது அக்கா. பசை என் தையல் பெட்டியில் இருக்கிறது, ஒட்டி நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன். அவர் சைக்கிளில் இருக்கிறார், எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

நீ வராதே. சைக்கிளையும் மாற்றப்போவதில்லை. அந்த ரிப்போர்ட் அவருடையது. எனக்கு ஒன்றுமில்லை, என் மாத்திரைதான் சத்து மாத்திரை. இரண்டு வருடம் முன்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னது உனக்குத் தெரியும். மூன்று நாள் நடந்தார், நாலாம் நாள் தெருமுனையில் நின்று வண்டி நிறுத்துகிறவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தனக்காக அவர் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார். அடுத்தவருக்குக் காட்ட வேண்டுமென்றால் நாள் முழுக்க மிதிப்பார். ஒரு மாதம் டயம் கொடுங்க என்று டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டேன். திங்கட்கிழமை டாக்டரே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவார். அன்றைக்கு எனக்கு என்ன கிடைக்கப்போகிறதோ தெரியாது. நான் இல்லாத வீட்டில் எந்த அறையில் போய் உட்காருவது என்று எழுதியிருக்கிறார், பார்த்தாயா. அதே கேள்வியைத்தான் நான் ஒரு மாதமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கிறேன். பகலில் தூங்குவது ராத்திரி தூங்காததால்தான்.

மிதிக்கிற சத்தம் நின்றுவிட்டது. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. கைப்பிடியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைக்க இறங்கியிருக்கிறார். இந்தச் சைக்கிளிலும் சிந்தாமல் மிதிக்க முடியும் என்று எனக்குக் காட்டப்போகிறாராம். மறுபடி ஏறிவிட்டார். எட்டிப் பார்த்தேன், தண்ணீர் அசையவில்லை.

திங்கட்கிழமை வரை இன்னும் ஐந்து சாயங்காலம் இருக்கிறது தம்பி. குதிகால், முட்டி, தோள், ஒற்றைக் கால் எல்லாம் ஆகிவிட்டது, கைவசம் தப்பு ஒன்றும் மிச்சமில்லை. புதிதாக ஏதாவது தோன்றினால் உடனே போன் பண்ணிச் சொல், நான் ஸ்பீக்கரில் போடமாட்டேன்.