லாக் ஃபைலும் இருநூறு கிலோ நண்டும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருபத்திரண்டு வயதில் எனக்கு இல்லை. பி.சி.ஏ. முடித்த திமிர். எங்கள் ஊரான தோணிரேவில் என் நைனா, ஏரியில் எதிரே வரும் படகையெல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணு கம்ப்யூட்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

பழவேற்காட்டில் உயிர் நண்டு ஏற்றுமதி செய்யும் அஜீஸ் பாயிடம் வேலை கிடைத்தது. யார் பிடித்த நண்டு, என்ன எடை, எந்தப் பெட்டி என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசியில் மொத்தமாக லேபிள் அடிக்க வேண்டும். லேபிள் இல்லாத பெட்டி விமானம் ஏறாது.

"டேட்டாபேஸெல்லாம் பாத்துக்குவியாம்மா?" என்றார் பாய்.

"அதெல்லாம் சப்ப மேட்டர் பாய்." (வாயில் சனி.)

ஆறு மாதம் கழித்து ஒரு பகல். இருநூறு கிலோ நண்டு பெட்டிக்குள் தயார். இரண்டு மணிக்கு வேன். லேபிள் அடிக்கப் போனால், டிஸ்க்கில் இடமில்லை என்று எல்லாம் நின்றுவிட்டது. தேடினேன். 'லாக்' என்று ஒரு ஃபைல் பூதம்போல உட்கார்ந்திருந்தது. நண்டு விவரம் உள்ள ஃபைல் அதன் பக்கத்தில் சுண்டெலி.

"இன்னாம்மா அது?"

"பழைய குப்பை பாய். தூக்கிட்டா சரியாயிடும்."

சர்வரை நிறுத்தினேன். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்ட்டை அழுத்தி அழித்தேன் (சுத்தம் என்றால் சுத்தம்). மறுபடி ஓடவிட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே இல்லை.

சென்னையில் வேலை பார்த்த வகுப்புத்தோழி ரேவதிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"லாக் பேக்கப் கடைசியா எப்பம்மா எடுத்தே?"

"லாக்குக்குத் தனியா வேற எடுப்பாங்களா?"

குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள் ரேவதி. நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாக்கில்தான் பதிவாகுமாம். அவ்வப்போது அதை பேக்கப் எடுத்தால், பழைய இடத்திலேயே மறுபடி எழுதிக்கொள்ளும். எடுக்காவிட்டால் வீங்கிக்கொண்டே போகும். "நேத்து சாயங்கால பேக்கப்பைப் போட்டு எழுப்பு. இன்னிக்குக் காலைல ஏத்தினது போச்சு. அந்த லாக் இருந்திருந்தா அதையும் மீட்டிருக்கலாம்."

பேக்கப்பைப் போட்டு எழுப்பிவிட்டுப் பாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார்.

"இன்னா பாத்துகினு கீறே? பெட்டியத் தொற! எல்லாத்தையும் திரும்ப எடை போடு!"

காலையில் நண்டுகளின் கொடுக்கைக் கட்டிப் பெட்டியில் அடுக்கிய பெண்களே சிரித்துக்கொண்டு பிரித்தார்கள். அவசரத்தில் சில நண்டுகளின் கட்டு அவிழ்ந்தது. ஒன்று என் கீபோர்டுக்கு அடியில் புகுந்தது. இன்னொன்று பாயின் லுங்கியைப் பிடித்தது. அவர் நாற்காலிமேல் ஏறி நின்றபடி எடையைக் கத்தினார்: "எழுநூத்தம்பது கிராம்! எடு அத்த, எடு! எண்ணூறு! யா அல்லா, மேல ஏறுது!"

நண்டு போட வந்த நைனா மேசைக்கு அடியில் தவழ்ந்து, யார் பிடித்தது என்ற கணக்கும் போய்விட்டதால், கையில் அகப்பட்ட பெரிய நண்டையெல்லாம் தன்னுடையது என்றார். "மூஞ்சப் பாத்தாலே தெர்ல?"

"ஆமாண்ணே, ஒன்ன மாதிரியேதான் கீது" என்றாள் ஒரு பெண்.

வேன் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஆனால் நண்டுகள் விமானம் ஏறிவிட்டன. அன்று மாலையே ரேவதி சொல்லச் சொல்ல, அரை மணிக்கு ஒருமுறை தானாக லாக் பேக்கப் எடுக்கவும், லாக் வீங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கவும் வழி செய்தேன். பாய் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "தெர்லன்னா தெர்லன்னு சொல்லும்மா. நண்டு கடிச்சப்போ நான் வலிக்கலன்னா சொன்னேன்?" என்றதோடு சரி.

இப்போது எனக்கு இதே டேட்டாபேஸ்தான் பிழைப்பு. ஆனாலும் வீட்டில் என்ன தொலைந்தாலும், கத்தரிக்கோலோ சார்ஜரோ, என் கணவர் தேடுவதற்கு முன்னால் என்னைத்தான் கேட்பார்: "நீ அழிச்சிட்டியா?"

ஒருமுறை ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. படகெல்லாம் கடலுக்குப் போகமுடியாமல் நின்றபோது யாரோ நைனாவிடம் கேட்டார்களாம்: "இன்னாண்ணே, இத்தையும் ஒம் பொண்ணு அழிச்சிட்டாளா?"

நைனா கோபித்துக்கொள்ளவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.