கால்சட்டை போட்ட கோழி

என் தங்கை வரைந்த கோழியை மாப்பிள்ளை சேகர் திருடினார். தங்கையின் கணவர்தான். அதற்காகத் திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் கூண்டைத் திறந்து வைத்த மடையன் நான்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் குழந்தைத் துணி விற்கிறேன். சொந்தத் தயாரிப்பு தொடங்கியபோது அதற்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. தங்கை செல்வி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே கால்சட்டை போட்ட கோழி ஒன்றை வரைந்தாள். வாலில் ஆறு வண்ணம். (கோழிக்கு எதற்குக் கால்சட்டை என்று கேட்டேன். "நீ துணி விக்கிறியா, கோழிக்கறி விக்கிறியா அண்ணே?" என்றாள்.)

அதை வணிகச் சின்னமாகப் பதிய ஓர் ஏஜென்டிடம் போனேன். படத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தேன்.

"இந்த நாலு மஞ்சளும் லோகோவுல சேர்த்தியா அண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"அது சாமிக்கு."

"சரி, வேற காப்பி கொடுங்க. கறுப்பு வெள்ளையில பதிஞ்சிடலாம் லா. அப்பதான் யாராவது கலரை மாத்திப் போட்டாலும் கேள்வி கேட்கலாம். கலர்ல பதிஞ்சா அந்தக் கலருக்கு மட்டும்தான் பிடிமானம்."

எனக்குக் கறுப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. "தங்கச்சி படுத்த படுக்கையா கிடக்கா. நல்ல காரியத்துல கறுப்பைக் கொண்டு வர்றியா நீ?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் தன் கறுப்புப் பேனாவை எடுத்து ஒளித்துவைத்தார். இந்த ஆறு வண்ணங்களுக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சான்றிதழ் வருவதற்குள் செல்வி போய்விட்டாள். (கறுப்பை விரட்டி நான் காப்பாற்றிய லட்சணம் இதுதான்.)

மறு வருஷம் கிள்ளானில் மாப்பிள்ளை துணிக்கடை திறந்தார். பலகையில் அதே கோழி, அதே கால்சட்டை. வால் மட்டும் நீலம்.

"என்ன மாப்ள இது?"

"உங்க கோழி ஆறு கலர் மச்சான். நம்மளது ஒரே நீலம். பேப்பர்ல அப்படித்தானே இருக்கு?"

வழக்குப் போடலாம், ஜெயிப்பது கஷ்டம் என்றார் வக்கீல். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் துணி வாங்க வந்த ஓர் அம்மா படம் அழகாக இருக்கிறது என்று சொல்ல, "நானே வரைஞ்சது ஆன்டி" என்று மாப்பிள்ளை பதில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

இப்போதும் குடும்பத்தில் யார் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் என்னைக் கேட்காமல் விடுவதில்லை. "கலரா, கறுப்பு வெள்ளையா, பெரியப்பா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

மாப்பிள்ளை, நீலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தக் கோழியை வரைந்தது யார்?