படவேட்டில் இறங்கிய கெரட்டின்

தலையே போனாலும் போகட்டும், தலைமயிரை விட்டுக்கொடுப்பதில்லை என்று எழுபத்தெட்டாம் ஆண்டு ஆனிமாதக் கடைசியில் நான் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நானே. எதிர்த்து வாக்களிக்கக் கூடியவர் ஒருவர்தாம். அவர் அப்போது அடுப்படியில் இருந்தார்.

‘மயிர்’ என்னும் சொல்லைக் கண்டு முகம் சுளிக்கும் வாசகர்கள் பொறுத்தருள்க. ஆரணியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அது குற்றமற்ற சொல். குறை என் தலையில் இருந்ததே தவிர, சொல்லில் இல்லை.

உச்சந்தலை முழுவதும் பொட்டல். இடக்காதுக்கு மேலே மட்டும் ஒரு கொத்து, எந்தப் பருவமழையையும் நம்பாமல் வளர்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு முழத்துக்கு வளரவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி, பொட்டலின் குறுக்கே இழையிழையாகப் பரப்பி, வலக்காதருகே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எங்கள் தெரு நெசவாளர்கள் தறிக்குப் பாவு நூல் விரிக்கும்போதும் அத்தனை கவனம் காட்டியதில்லை. காற்று வீசும் நாளில் நான் கடைவீதிப் பக்கம் போவதில்லை.

தீர்மானத்துக்குக் காரணம் என் மனைவி பூங்காவனம். அன்று காலை காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னாங்க, உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சே, அப்போ படவேட்டு அம்மனுக்கு மொட்டை வேண்டிகினேன். ஆடி பொறக்கப் போவுது. ஜல்தியா செலுத்திட்டு வந்துடலாம்.”

“வேண்டிக்கொண்டேன் என்று சொல்.”

“சரி, வேண்டிக்கொண்டேன். எப்படிச் சொன்னாலும் மொட்டை மொட்டைதான்.”

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். ஆவணியில் எங்கள் பள்ளிக்குப் பொன்விழா. பழைய ஆசிரியர்களை உட்காரவைத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு. அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பள்ளியின் பெரிய கூடத்தில் மாட்டுவார்கள். நான் போன பிறகும் அது தொங்கும். என்னிடம் பிரம்படி பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள். அதில் நான், விளக்கி வைத்த பித்தளைச் சொம்பாக உட்கார்ந்திருப்பதா?

நேரே மறுத்துப் பயனில்லை. அது திருமணமான முதல் ஆண்டிலேயே நான் கற்ற பாடம். எனவே அறிவியலின் துணையை நாடினேன். அடுத்த வீட்டு மல்லிநாத நயினார் எங்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவர். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். உயிரே போனாலும் பொய் சொல்லமாட்டார்.

“நயினார், மயிர் என்பது என்ன?”

“கெரட்டின் சார். ஒரு புரதம்.”

“விளக்கமாகச் சொல்லுங்கள்.”

நயினாருக்கு வகுப்பு கிடைத்துவிட்டது. முகம் மலர்ந்தது.

“மயிர்க்கால்னு தோலுக்குள்ள ஒரு குழி இருக்குது பாருங்க. அதோட அடியில செல்லுங்க பெருகிகினே இருக்கும். மேல தள்ளத் தள்ள, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கெரட்டின் நிரம்பி, கெட்டியாகி, செத்துப்போயிடும். வெளிய தெரியறது பூராவும் செத்த பொருள்தான். நகம், மாட்டுக்கொம்பு எல்லாம் அதே குடும்பம். உயிர் இருக்கறது அடிவேருல மட்டும்.”

“வெளியே தெரிவது முழுவதும் செத்தது. உறுதிதானே?”

“உறுதி சார். பரீட்சையிலயே கேப்பாங்க.”

வீட்டுக்கு ஓடிவந்தேன். காற்றைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பூங்காவனம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“பூங்காவனம்! அம்மனுக்குச் செத்த பொருளைப் படைக்கலாமா?”

“ஐயய்யோ! யாராவது படைப்பாங்களா?”

“தலைமயிர் செத்த பொருள். கெரட்டின் என்னும் புரதம். மாட்டுக்கொம்பும் அதுவும் ஒன்றே.”

“அப்போ இத்தினி வருசமா கண்ணாடி முன்னால நின்னுகினு கொம்புக்கா எண்ண தடவினீங்க?”

“பேச்சை மாற்றாதே. செத்ததைப் படைப்பது பாவம்.”

அவள் ஒரு பல் பூண்டை உரித்து முடித்தாள்.

“பட்டு இன்னாங்க?”

“பட்டா?”

“பட்டுப்புழுக் கூட்டக் கொதிக்கற தண்ணில போட்டுத்தானே நூலு எடுக்கறாங்க? அது இன்னா உயிரோடவா இருக்குது? நம்ப தெருவுல நெய்யற பட்டத்தான் அம்மனுக்குச் சாத்தறோம். அம்மன் எதுனா சொல்லிச்சா?”

தடுமாறிப்போனேன். “அது புழுவின் தலையில் முளைத்ததன்று, வாயிலிருந்து வந்தது” என்று கம்பீரமாகச் சொல்லிவைத்தேன். அதற்கு என்ன பொருள் என்பது எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பூங்காவனம் யோசித்தாள்.

“நீங்க படிச்சவங்க. செத்ததக் குடுக்கக் கூடாது. நாயம்தான்” என்றாள்.

என் கருத்தை என் மனைவி ஏற்றுக்கொண்டாள்! அன்றிரவு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, செய்தித்தாள் இரவல் வாங்க நயினார் வந்தார். பூங்காவனம் அவரை உட்காரவைத்தாள். அவருக்கும் ஒரு காப்பி. வழக்கமில்லாத வழக்கம். நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

“நயினார் அண்ணே, முடியில உயிர் இருக்கறது வேருல மட்டும்தானா?”

“ஆமாம்மா.”

“அப்போ வேரோட எடுத்தா, உயிரோட குடுத்த மாதிரிதானே?”

நயினார் சிந்தித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் சிந்திப்பதைப் போல் ஆபத்து வேறில்லை.

“வேர்ல இருக்கற செல்லு கொஞ்சம் ஒட்டிகினு வரும். ம்... அப்படியும் சொல்லலாம்மா.”

“உங்க சாமியாருங்க கத்தியே படாம கையாலதான் எடுப்பாங்களாமே?”

“உலோச்சுன்னு பேரு. கையில சாம்பல் தொட்டுகினு கொத்துக் கொத்தாப் பிடுங்குவாங்க. முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது. பெரிய தவம்மா அது.”

“சாம்பல் எதுக்கண்ணே?”

“வழுக்காம இருக்கத்தான்.”

“நம்ப அடுப்புல நெறைய இருக்குது.”

என் கை தானாகவே இடக்காதின் மேல் போய் அமர்ந்தது.

“நயினார்,” என்று காதிலிருந்து கையை எடுக்காமலே கேட்டேன். “பிடுங்கினால் மறுபடியும் முளைக்குமா?”

“உங்க வயசுக்கு உத்தரவாதம் சொல்றதுக்கில்ல சார். கத்தியால எடுத்தா மயிர்க்காலுக்கு ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்குக் கெரட்டின் செஞ்சுகினே இருக்கும், மாசத்துக்கு அரை அங்குலம். பிடுங்கினா, அப்படியே தூங்கிப்போனாலும் போயிடும்.”

பூங்காவனம் எழுந்தாள். கையில் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தாள். உண்மையாகவே நடந்தாள்.

“நில்! கத்தியே போதும்!”

“செத்த பொருளாச்சே?”

“அம்மன் கருணையே வடிவானவள். பட்டை ஏற்றவள் கெரட்டினை மட்டும் தள்ளிவிடுவாளா?”

“நேத்து பாவம்னு சொன்னீங்க. இன்னிக்கு வேற மாதிரி பேசறீங்க. பேஜாரா இருக்குதுங்க. எனக்கு மனசு ஒப்பல. சாம்பலே—”

“பூங்காவனம்! நான் கேட்டுக்கொள்கிறேன். மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கத்தியை என் தலையில் வைக்கச் சொல்!”

அவள் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தாள்.

“நயினார் அண்ணே, கேட்டீங்களா? அவராத்தான் கேக்கறாரு.”

“கேட்டேன்மா” என்றார், பொய் சொல்லாத மல்லிநாத நயினார்.

ஆடி முதல் வெள்ளியன்று படவேட்டில் என் தலை நாவிதர் முன் குனிந்தது. ஆவணிக்குள் அரை அங்குலமாவது முளைத்துவிடும் என்னும் ஒரே நம்பிக்கையில் கண்களை மூடிக்கொண்டேன். தண்ணீர் தெளித்தார். கத்தி ஒரு முறை போயிற்று. ஒரு முறை வந்தது.

“எழுந்துருங்க சாமி.”

“அதற்குள்ளாகவா?”

“மிச்சம் எங்க இருக்குது? இதுக்குப் போயி மொட்டைக்கு முழுச் சீட்டா வாங்கினீங்க?”

சந்தனத்தைத் தடவிக்கொண்டு திரும்பும் பேருந்தில் ஏறினோம். சன்னலோரம் நான், பக்கத்தில் பூங்காவனம். சந்தவாசலில் ஏறிய ஓர் அம்மாள் அவளுக்கு அருகில் இடம்பிடித்தார். என் தலையை ஒரு பார்வை பார்த்தார்.

“வேண்டுதலாம்மா?”

“ஆமாங்க. போன வருசம் காமாலை வந்து படுத்துட்டாரு. இவரு பொழைச்சு எழுந்தா என் முடிய இறக்கறேன்னு அம்மனுக்கு வேண்டிகினேன்.”

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் ஏறவில்லை.

“உன் முடியா?” என்றேன்.

“உங்க முடியா?” என்றார் அந்த அம்மாளும். “அப்புறம் இவரு எப்படி?”

இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலைப் பூங்காவனம் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதில் சூடியிருந்த கதம்பத்தைச் சரிசெய்தாள்.

“இன்னா பண்றதுங்க. மொட்டைன்னு நான் வாயத் தொறந்ததுதான். தன் தலையிலதான் கத்திய வைக்கணும்னு மன்றாடிகினு நின்னாரு. நான் வேணாம்னு எவ்வளவோ பேசிப் பார்த்தேன், அடுத்த வீட்டு அண்ணனே சாட்சி. புருசன் அவ்ளோ ஆசையா கேக்கறப்போ பொம்பள குறுக்க நிக்கலாமா? அம்மனுக்கும் தலைக்குத் தலை சரியாப்போச்சு.”

“பொண்டாட்டி முடிக்காகத் தன் முடியக் குடுத்த மகராசன்!” என்று அந்த அம்மாள் ஓடும் பேருந்தில் எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். தியாகியைப் போல் முகத்தை வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.