நெவிலிடம் யார் சொல்வது?

லிண்ட்சே வாயைத் திறப்பதற்குள் நெவில் தட்டை நீட்டிவிட்டார்.

"முதல்ல இதைச் சாப்பிடு. நோலீன் காலையிலதான் செஞ்சா."

நெவிலின் மனைவி கைவண்ணம், தேங்காய்த் துருவலில் புரட்டிய சாக்லேட் கேக். லிண்ட்சே பெரிய துண்டாக எடுத்து முழுசாக வாயில் அடைத்துக்கொண்டார். வாய் நிறையக் கேக் இருக்கும்போது யாராலும் கெட்ட செய்தி சொல்ல முடியாது. அரை நிமிஷமாவது தப்பிக்கலாம்.

சட்டைப் பையில் மடித்த காகிதம் இருந்தது. அதில் பதினோரு பெயர்கள். நெவில் பெயர் இல்லை.

சனிக்கிழமை பக்கத்து ஊர் மின்யூராவோடு இறுதி ஆட்டம். கூராபின் கிரிக்கெட் சங்கம் இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. நெவிலோ இருபத்தேழு வருஷமாகக் கூராபினுக்கு ஆடுகிறவர். வயது நாற்பத்தொன்பது. இப்போதெல்லாம் ஸ்லிப்பில் நிற்பார். பந்து எல்லைக்கோட்டைத் தொட்ட பிறகு குனிவார். இந்த சீசன் முழுக்க அவர் எடுத்தது நூற்றுப் பத்து ரன். போன குளிர்காலத்தில் ஊருக்கு வந்த கால்நடை மருத்துவர் ரோவினா, அரையிறுதியில் ஜாரட் ஊரில் இல்லாததால் இடம் கிடைத்து, அந்த நூற்றுப் பத்தை ஒரே மதியத்தில் எடுத்துவிட்டாள். இப்போது ஜாரட் திரும்பி வந்துவிட்டான். பன்னிரண்டு பேரில் ஒருவர் போயாக வேண்டும். யார் என்பதில் கேப்டன் பிராடிக்குச் சந்தேகமே இல்லை. "நெவில்தான். நீங்கதானே தேர்வுக் குழுத் தலைவர், நீங்களே சொல்லிடுங்க" என்று முடித்துவிட்டான்.

லிண்ட்சே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வருடாந்திரக் கூட்டத்தின் நடுவே, வழியை மறித்து நின்ற பஸ்ஸைத் தள்ளி நிறுத்த வெளியே போனார். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அப்படித்தான் தலைவர் ஆனார்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றார் நெவில்.

லிண்ட்சே கேக்கை விழுங்கினார். "தெரியுமா?"

"வியாழக்கிழமை அதுவுமா, பயிற்சிக்கு முன்னாடி வீடு தேடி வந்திருக்கே. சொல்லிடு. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்."

நெவில் கண் இமைக்காமல் பார்த்தார். உதடு லேசாக நடுங்கியது. ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும்.

"நீ டீம்ல இருக்கே நெவ்!"

அது எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று லிண்ட்சேவுக்கே தெரியவில்லை.

நெவில் தட்டை மேஜைமேல் வைத்தார். "ஃபைனல்லயா?"

"ஃபைனல்லதான்!"

"நானா?"

"நீயேதான்!"

நெவில் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மூட்டும் ஒன்றன்பின் ஒன்றாக 'டொக்' என்றன. "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல லிண்ட்சே."

"ஒண்ணும் சொல்ல வேணாம்பா. எனக்குப் புரியுது" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு லிண்ட்சே ஓடாத குறையாக வெளியே வந்தார்.

பஸ்ஸில் ஏறி, ஸ்டியரிங் மேல் காகிதத்தை விரித்தார். நெவிலைச் சேர்த்தால் ஒருவர் பெயரை அடிக்க வேண்டும். வேகப்பந்து வீசும் ஜாரட், தோள் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. பாவம், ஓய்வு கொடுத்தால் சந்தோஷப்படுவான். ஜாரட் பெயரை அடித்து, பக்கத்தில் 'தோள் வலி, ஓய்வு' என்று குறித்து, நெவிலை எழுதி, மைதானத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார்.

பத்து நிமிஷத்தில் அவர் மேல் ஒரு நிழல் விழுந்தது. ஜாரட் ஆறடி நாலங்குலம்.

"என் தோளுக்கு என்னவாம்?"

"வலிக்குதுன்னியே தம்பி..."

"அது வைக்கோல் கட்டு தூக்கின அன்னிக்கு! அதுவும் போன மாசம்! யாரு பார்த்த வேலை இது?"

லிண்ட்சே இரண்டடி பின்வாங்கினார். "இல்லப்பா... பிராடிதான் கொஞ்சம் கவலைப்பட்டான்."

பிராடியின் தங்கையைத்தான் ஜாரட் கட்டியிருந்தான். அவன் நேராகப் பயிற்சி வலைக்குள் புகுந்தான். பிராடி அப்போது பேட்டிங் செய்துகொண்டிருந்தான்.

"ஏன் மச்சான், ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து நான் சுட்ட ஆட்டுக்கறியை மூணு தடவை வாங்கித் தின்னியே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல? முதுகுல குத்தணுமா?"

"யாரு குத்தினா? என்னத்தடா சொல்றே?"

"பலகையைப் போய்ப் பாரு!"

பிராடி போய்ப் பார்த்தான். பிறகு லிண்ட்சேவின் முழங்கையைப் பிடித்து பிட்ச்சை அழுத்தும் உருளையை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"நெவில்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"இருக்கேன்னு சொன்னேன்."

பிராடி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "இல்லேன்னு சொல்லத்தானே போனீங்க!"

"கேக் கொடுத்தாருப்பா."

"ஜாரட்டை எடுத்தா என் தங்கச்சி என்னை வாசப்படி ஏற விட மாட்டா. அவன் இருக்கான், அவ்வளவுதான். நாளைக்குள்ள வேற யாரையாவது குறைங்க. எப்படின்னு என்கிட்ட சொல்ல வேணாம்."

ஜாரட்டின் பெயரை மறுபடி எழுதினார்கள். பலகையில் இப்போது பன்னிரண்டு பேர்.

மறுநாள் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டு லிண்ட்சே ரோவினாவைப் பார்க்கப் போனார். கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு பசுவுக்குப் பின்புறம் அவள் நின்றிருந்தாள். வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது.

"சொல்லுங்க. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு."

லிண்ட்சே பசுவின் முகத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் பார்ப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"நெவில் முழங்காலை நான் ஒருநாள் அமுக்கிப் பார்த்தேன்" என்றாள் ரோவினா. "குதிரையா இருந்தா வலி தெரியாம ஒரேயடியா தூங்க வெச்சிருப்பேன்."

"ஐயோ!"

"ஆட முடியாதுன்னு வேணா சான்றிதழ் எழுதித் தரவா?"

"மாட்டு டாக்டர் சான்றிதழ் செல்லுமா?"

"நாலு காலா ரெண்டு காலான்னு நான் எழுதப் போறதில்ல."

லிண்ட்சே சிரிக்க முயன்றார், அழுகைதான் வந்தது. ரோவினா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை உருவி வாளியில் கழுவினாள்.

"அவ்வளவு முக்கியமா அவருக்கு?"

"இருபத்தேழு வருஷம்மா. இதை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

"சரி. நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகல. என் பேரை எடுத்துடுங்க. அவர் ஆடட்டும்."

பதினொன்று! லிண்ட்சே பலகையில் அவள் பெயரை அடித்துவிட்டு, பேக்கரியில் மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' ஒன்றைச் சூடாக வாங்கி, சாஸ் ஊற்றி, வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்த முகம் மாறிச் சாப்பிட்டார்.

அந்த மீட் பை செரிப்பதற்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. தபால் நிலையத்தில் கிளம்பும்போது 'ரோவினா டீமில் இல்லை' என்று இருந்தது. பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது 'செஞ்சுரி அடித்தவளைப் பெண் என்பதால் லிண்ட்சே விரட்டிவிட்டார்' என்று ஆகிவிட்டது.

இரண்டு மணிக்கு ஜாரட் போன் செய்தான்.

"நான் ஆடல."

"உன்னைத்தான் சேர்த்தாச்சே தம்பி!"

"அவளை எடுத்துட்டு என்னைச் சேர்த்திருக்கீங்க. என் பெண்டாட்டி கேட்கிறா, வெட்கமா இல்லையான்னு. ராத்திரி சோறு கிடையாதாம். நாளைக்கு மேட்ச்ல அவ செய்யற டீ, சாண்ட்விச் எதுவும் கிடையாதாம், ரெண்டு டீமுக்கும்."

மூன்று மணிக்குள் இன்னும் இரண்டு பேர் விலகினார்கள். ஒருவன் கொள்கைக்காக; இன்னொருவன் சாண்ட்விச் இல்லை என்பதற்காக. பன்னிரண்டு பேர் எட்டு பேர் ஆனார்கள். அதிகம் என்று ஒரு நாள் அழுதது போய், லிண்ட்சே இப்போது போதவில்லை என்று அழ வேண்டியதாயிற்று.

ரோவினாவுக்குப் போன் செய்தார். "தயவு செஞ்சு திரும்ப வந்துடும்மா."

"நான் வந்தா நெவில் போகணுமே?"

"ஆமா... இல்ல... தெரியல."

"நானாத்தான் விலகினேன்னு நான் எல்லாருக்கும் சொல்லிடறேன். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

அவள் சொன்னாள். ஆனால் அதற்குள் பிராடி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டான்.

"யாரு உள்ள, யாரு வெளியன்னு எனக்கே தெரியல. ஊர்ல எல்லாரும் என்னைத் திட்டறாங்க. தங்கச்சி போனை எடுக்க மாட்டேங்கிறா. நான் ஆடறேன். ஆனா இந்தக் கூத்துக்கு நான் கேப்டன் இல்ல."

"நாளைக்கு ஃபைனல்ப்பா!"

"அதுக்குத்தான் இன்னிக்கே சொல்றேன்."

லிண்ட்சே ஒவ்வொருவராகக் கெஞ்சினார். ரோவினா விளக்கம் சொன்னதால் விலகியவர்கள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்கள். திரும்ப வரத் தயார், ஆனால் பிராடிக்குக் கீழே ஆட ஜாரட் தயாரில்லை. ஜாரட்டுக்குக் கீழே ஆட பிராடி தயாரில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக, யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் வேண்டும். எல்லோரும் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னார்கள்.

லிண்ட்சே நெவில் வீட்டு எண்ணை அழுத்தினார்.

"நெவ், டீம்ல ஒரு சின்ன மாற்றம்."

"மாற்றமா?" நெவில் குரலில் திடீரென்று ஒரு தெம்பு. "சொல்லு, சொல்லு!"

"நீதான் கேப்டன்."

மறுமுனையில் ஏதோ உருண்டது. கடைசியில் நோலீன் குரல் வந்தது. "என்ன சொன்னீங்க அவர்கிட்ட? தரையில உக்காந்துட்டாரு."

"சந்தோஷச் சேதிதான் நோலீன்" என்றார் லிண்ட்சே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் கொதித்தது. ஈக்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மொய்த்தன. மின்யூராவின் வேகப்பந்து வீச்சாளர்கள் இரண்டு பேர் ஓரமாகப் பயிற்சி செய்தார்கள். கீப்பர் கையுறையில் பந்து விழுகிற சத்தம் உடை மாற்றும் அறைவரை கேட்டது.

அறைக்குள் நெவில் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். பிராடி இடது காலைக் கட்டினான். ஜாரட் வலது காலைக் கட்டினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. டாஸ் போடும் காசைக் கையில் வைத்துக்கொண்டு நெவில் சுவரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ரோவினா, தண்ணீர் இடைவேளைக்காக ஆரஞ்சுப் பழங்களை அறுத்துக்கொண்டிருந்தாள். அரையிறுதியில் நூற்றுப் பத்து அடித்த கை.

லிண்ட்சேவுக்குள் என்னவோ அறுந்தது.

"எல்லாரும் கேளுங்க" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஜாரட், உன்னை எடுத்தது பிராடி இல்ல, நான். பிராடி, உன் பேரைச் சொல்லித் தப்பிச்சதும் நான். ரோவினாவை விரட்டினதும் நான்தான். நெவ்... வியாழக்கிழமை உன் வீட்டுக்கு நான் வந்தது, நீ டீம்ல இல்லன்னு சொல்ல. சொல்ற துணிச்சல் இல்ல. என்னை மன்னிச்சுடு."

பிராடியும் ஜாரட்டும் அன்றைக்கு முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

நெவில் மெதுவாகத் திரும்பினார். "அப்போ நான் இல்லையா?"

"இல்ல நெவ்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்."

நெவில் எழுந்தார். காசைப் பிராடியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். தொப்பியைக் கழற்றி, ஜன்னல் வழியாக ரோவினாவின் தலையில் வைத்தார். லிண்ட்சேவின் கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினார். பிறகு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார். இந்த சீசனில் அவர் அவ்வளவு வேகமாக நகர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பாவி மனுஷா, உடைச்சுட்டீங்களே அவரை" என்றான் ஜாரட். பிராடி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்கு வருத்தப்பட்டார்கள்.

லிண்ட்சே பின்னாலேயே ஓடினார். கார்கள் நிற்கும் இடத்தில், யூகலிப்டஸ் மர நிழலில், நோலீன் காரைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தாள். நெவில் பக்கத்து இருக்கையில் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின.

லிண்ட்சே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார். "நோலீன், நாற்பது வருஷத்துக்கு மேல பழகின சிநேகிதன்... என் கையாலேயே அவரைக் கொன்னுட்டேன்."

நோலீன் கியரை மாற்றிக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா கொன்னீங்க போங்க! ஆறு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை, தன் பேரு அந்தப் பலகையில இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் மனுஷன் வீட்டை விட்டே கிளம்புவாரு. 'நானா விலகினா லிண்ட்சே தாங்க மாட்டான்'னு சொல்லித்தானே இத்தனை நாளா ஆடினாரு!"