மேடம் பெயரில் ஒரு பேனர்

கல்லூரி நூலகம், தாம்பரம்
வியாழன், மதியம் மூன்று மணி

மரியாதைக்குரிய சுந்தரவல்லி அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் கேஷவ் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்கள் நலமும் மாமாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். வாட்ஸப் இருக்கும்போது பேப்பர் எதற்கு என்று யோசிப்பீர்கள். என் போன் பிரின்சிபால் டிராயரில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்க புள்ளியியல் ஸஹானா மேடம் பத்தி உங்ககிட்ட சொல்லாத நாளே இல்ல. அவங்க கிளாஸை ரீல்ஸா வெட்டிப் போடறதுக்காகவே நானா யூட்யூப் பார்த்து எடிட்டிங் கத்துக்கிட்டேன், அவங்க ரசிகர் பக்கத்துல நாலாயிரம் பேர் இருக்காங்க, பாதிப் பேர் வேற காலேஜ். ஆனா மேடம் ஒன்பது வருஷமா ஒப்பந்த ஆசிரியர். ஏப்ரல்ல வேலை முடியும், ஜூன்ல திரும்பக் கூப்பிட்டா உண்டு. ஐடி கார்டுக்கு மஞ்சள் டேக், பர்மனென்ட் ஆளுங்களுக்கு நீலம். உட்காருறது லேப் மூலையில, உடைஞ்ச ஸ்டூல்களோட.

நேத்து போனா மேடம் கழுத்துல நீல டேக், தனி ரூம், கதவுல "உதவிப் பேராசிரியர்"னு போர்டு. எனக்குத் தலைகால் புரியல. காலேஜுக்கு கிரேடு போடற தரச்சான்றுக் குழு இன்னிக்கு வருதுன்னு தெரியும். குழு கிளம்பினதும் ஒப்பந்த ஆசிரியர்கள் எல்லாம் நீல டேக்கை ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துடணும்னு சர்க்குலர் போட்டது தெரியாது, அது ஸ்டாஃப் குரூப்ல மட்டும் வந்துச்சாம். நேரா குரோம்பேட்டை போய் பத்துக்கு எட்டு பேனர் அடிச்சேன். "ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது! புள்ளியியல் புயல் இன்று முதல் நிரந்தரம்!" கீழ வாழ்த்தும் உள்ளங்கள், எங்க கிளாஸ் அறுபத்திரண்டு பேர் போட்டோ. காலைல ஏழு மணிக்கே கேட்ல கட்டியாச்சு.

குழுத் தலைவர் கார் கேட்டுலயே நின்னுச்சு. கண்ணாடியை இறக்கி அறுபத்திரண்டு மூஞ்சியையும் பொறுமையா பார்த்தார்.

"இன்னிக்குத்தான் பர்மனென்ட் ஆனாங்களா? உங்க அறிக்கையில ஒன்பது வருஷமா பர்மனென்ட்னு இருக்கே சார்."

பிரின்சிபால் கையில மாலையோட நின்னார். "அது, பசங்க ஆர்வத்துல..."

"சரி, பர்மனென்ட் ஆர்டரைக் காட்டுங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்போம்."

அப்புறம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "யாருடா இந்தப் புயலைக் கெளப்பினது?"ன்னார். "நான்தான் சார், டிசைனும் நானே"ன்னு பெருமையா சொன்னேன். போன் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுப் பெரியவங்களோட வரணுமாம். மேடம் திட்டக்கூட இல்ல. "ஜூன்ல கூப்பிடுவாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் கேஷவ்"னு மட்டும் சொன்னாங்க. அத்தை, அதுலயே நான் காலி. அப்பாகிட்ட சொன்னா பேனர் கட்டையாலயே போடுவார். நீங்க வந்து பேசுங்க. என்னை வேணா சஸ்பெண்ட் பண்ணட்டும், மேடத்தை ஜூன்ல கூப்பிட்டா போதும். இனி இந்த ஜென்மத்துல பேனர் அடிக்க மாட்டேன், இது சத்தியம். உங்க தெரு தீபா என் கிளாஸ்தான், அவகிட்ட இதைக் கொடுத்தனுப்புறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் நாளைக் காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

உங்கள் அன்பு மருமகன்,
கேஷவ்

பின்குறிப்பு: அத்தை, வர வேண்டாம். காட்டுறதுக்கு ஆர்டர் இல்லாததால பிரின்சிபால் உட்கார்ந்து நிஜமாவே ஒண்ணு டைப் பண்ணி, காலேஜ் செயலாளர்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டார். அறிக்கைதான் தப்பு, பேனர்தான் சரின்னு குழுகிட்ட சொல்லியாச்சாம். மேடம் ஆர்டரோட இப்பதான் நூலகத்துக்கு வந்தாங்க. அவங்க பின்னாடியே மிச்ச ஏழு ஒப்பந்த ஆசிரியர்களும் வந்து, ஆளுக்கொரு பாஸ்போர்ட் போட்டோவை என் மேஜையில வெச்சிட்டுப் போனாங்க. மாமாவோட ஏணி மட்டும் வேணும்.