வெள்ளைப் பூ எனக்கு

சென்ற ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்திற்கு, இனி இவ்வீட்டில் என் சொல்லே சட்டம் என்று தீர்மானித்தேன். நான்கு இருபத்தைந்துக்கு என் மனைவி கௌசல்யா தன் தையற்கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்துவிட்டாள். ஆக, அச்சட்டம் மூன்று நிமிடம் அமலில் இருந்தது.

நிமிடக் கணக்கைக் கண்டு வாசகர்கள் மிரள வேண்டாம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், தனியார் பேருந்துக் கம்பெனி ஒன்றில் முப்பத்தோராண்டு காலம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செம்பட்டி வண்டியாயினும் வடமதுரை வண்டியாயினும் என் விசில் ஒலிக்காமல் ஓரங்குலம் நகர்ந்ததில்லை. மணமாகிப் பதினேழாண்டுகள் கழித்து எங்களுக்குப் பிறந்த ஒரே மகள் பானுப்ரியா, நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு அவள் வரும் நான்கு மணி முதல், கௌசல்யா கடையடைத்து வரும் ஆறரை மணி வரை, அவளுக்குக் காவலும் நானே, கல்விக்கூடமும் நானே.

இந்த நல்லாட்சியின் மீதுதான் வகுப்பாசிரியை கை வைத்தார். பள்ளி டைரியில் இவ்வாறு எழுதியிருந்தார்: ‘பானுப்ரியா யாருடனும் விளையாடுவதில்லை. விளையாட்டு நேரத்தில் சுவரோரம் நின்று, இன்னும் எத்தனை நிமிடம் மீதமுள்ளது என்று மற்றவர்களுக்கு அறிவிக்கிறாள். மாலையில் பிள்ளைகள் கூடும் நல்ல இடம் எதற்காவது அனுப்பவும்.’

அனுப்புவதில்லை என்பதே மேற்படி சட்டம்.

“டீச்சர் எனக்குப் போன் பண்ணாங்க” என்றாள் கௌசல்யா, செருப்பைக் கழற்றாமலே.

“நானும் டைரியில பாத்தேன். பிள்ளைய எங்கயும் அனுப்புறதா இல்லை.”

“ஏனாம்?”

“இங்க என்ன கொறைச்சல்? நாலு அஞ்சுக்குக் கைகால் கழுவுறா. நாலு பத்துக்குப் பால். நாலு இருபதுக்கு இங்கிலீசு. நாலு நாப்பதுக்கு வாய்ப்பாடு...”

“அதத்தாங்க நானும் சொல்றேன். அது பிள்ளையா, பழனி வண்டியா?”

“ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்ல?”

“நேத்து எதுத்த வீட்டுப் பிள்ளைக விளையாடக் கூப்பிட்டுச்சுகளாம். இவ என்ன சொன்னா தெரியுமா? ‘வர முடியாது, எனக்கு வாய்ப்பாடு புறப்படுற நேரம்’னு சொன்னாளாம். அழுகுறதா சிரிக்கிறதான்னு தெரியல எனக்கு.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்களுக்கு முன் நான் வாதம் செய்து வென்றதாக வரலாறு இல்லை.

அன்றே, பானு என் கண்ணை விட்டு அகன்றால் நேரக்கூடிய அபாயங்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நாய். ஊஞ்சல். மூடி இல்லாத தொட்டி. குச்சி ஐஸ். மிட்டாய் நீட்டும் அறிமுகமற்ற மாமா. நாற்பத்தொன்றை எட்டியபோது பேனாவில் மை தீர்ந்தது. எனக்குப் பயம் தீரவில்லை.

பானுவையும் கூட்டிக்கொண்டு முதலில் நாங்கள் போய்ப் பார்த்தது ‘மேதை மாலைக் கூடம்’. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை. டை கட்டிய மேலாளர் ரொனால்டு எங்களை வரவேற்றார்.

“எட்டுக் கேமரா இருக்கு சார். பாப்பாவை உங்க போன்லயே எந்நேரமும் பாத்துக்கிட்டு இருக்கலாம்.”

“தண்ணி குடிச்சாக்கூடத் தெரியுமா?”

“எத்தனை மடக்குன்னு எண்ணலாம் சார்.”

எனக்குப் புல்லரித்தது. உள்ளே முப்பது பிள்ளைகள், கூரியருக்குக் காத்திருக்கும் பார்சல்கள்போல் அசைவின்றி அமர்ந்திருந்தனர். நாயில்லை, ஊஞ்சலில்லை, நோட்டின் நாற்பத்தொன்றும் ஒரே அடியில் அடிபட்டுப் போயின.

கௌசல்யா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தம்பி, பிள்ளைக எப்பப் பேசிக்கிரும்?”

“பேசவே பேசாதுங்க மேடம். அதுக்கு நான் கேரண்டி.”

அடுத்து, கௌசல்யா தேடிப்பிடித்த இடம். நாகல் நகரில் புஷ்பமேரி என்னும் அம்மையார், தம் வீட்டுக் கொல்லையில் பதினான்கு பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தார். அரை மணி நேரம் வீட்டுப்பாடம். அதன்பின் கூச்சல். கொய்யா மரத்திலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

“அது யாரு காலு?” என்றேன் பதறி.

“இனிகோவோடது அண்ணே. கணக்கை முடிச்சுட்டான், ஏறிட்டான்.”

“விழுந்தா?”

“கீழ மணலு கொட்டியிருக்கேன். நானும் மரத்தடியை விட்டு நகர மாட்டேன்.”

“கேமரா எத்தனை?”

“ரெண்டு” என்று தம் கண்களைத் தொட்டுக் காட்டினார்.

அந்நேரம், கயிறு சுற்றிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, ஒரு நுனியைப் பானுவின் கையில் திணித்துவிட்டுத் தாண்ட ஓடினாள். பானு சுற்றினாள். ஆறு நிமிடம் சுற்றினாள். மணி என்ன என்று ஒருமுறையும் கேட்கவில்லை. கௌசல்யா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், பார்க்காதவன்போல் என் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்.

ஒரு வாரம் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. கேமரா என்பேன் நான். கயிறு என்பாள் அவள். தட்டில் சோறு விழுந்தது, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் விழவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது.

இரண்டில் எது என்று மனம் முடிவுக்கு வராத காரியத்தை அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சன்னதியில் இட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வருவதே அம்மன் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

“வெள்ளைப் பூ எனக்கு. அது வந்தா மேதைக் கூடம். செவப்பு ஒனக்கு. அது வந்தா புஷ்பமேரி” என்றேன். “பொட்டலத்தை நான் கட்டுறேன்.”

“சரிங்க” என்றாள்.

திருமணமான நாள்முதல் என் பேச்சுக்கு அவள் அத்தனை விரைவில் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பூ வாங்கி வந்தேன். நந்தியாவட்டை, செவ்வரளி, இரண்டும் வாங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினேன். முதற்பொட்டலத்தில் நந்தியாவட்டை. இரண்டாவதிலும் நந்தியாவட்டை. மிஞ்சிய செவ்வரளியைச் சட்டைப் பையில் ஒளித்து, அச்சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, வேறு சட்டையில் புறப்பட்டேன். ‘தாயே, இது ஏமாற்று அன்று, பாதுகாப்பு ஏற்பாடு’ என்று வழிநெடுக மன்றாடினேன்.

தெருக்கோடிக் காளியம்மன் கோயிலில் பூசாரி பொம்மையன் பொட்டலங்களைப் பெற்றுச் சன்னதியில் இட்டார். பானு கையை நீட்டினாள்.

“சாமி, செத்த நேரம் பொறுங்க” என்றாள் கௌசல்யா.

என் இதயமும் பொறுத்தது.

“இவருக்கு வெள்ளை, எனக்குச் செவப்புன்னு பேசிட்டு வந்தோம். மனசு கேக்கல. ஆத்தாளுக்கு ஒகந்த செவப்ப, வீட்டு ஆம்பளைக்குக் குடுக்காம நான் வச்சுக்கலாமா? செவப்பு அவருக்கே இருக்கட்டும். வெள்ளைய எனக்கு மாத்திருங்க.”

“ஆகா! புருசன் மேல இம்புட்டு மரியாதையா!” என்று பொம்மையன் உருகினார். “ஐயா, குடுத்து வச்சவரு நீங்க.”

விளக்கேற்றிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பொறாமையுடன் பார்த்தனர்.

“வேணாம்... பேசுனது பேசுனபடியே...” என்று குழறினேன்.

“ஏங்க, எது யாருக்கா இருந்தா என்ன? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. நீங்கதான கட்டுனீங்க?”

என்ன சொல்வேன்? இரண்டுமே வெள்ளை என்று அம்மன் முன்னிலையில் முழங்குவதா?

பானு இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். வலப்பக்கத்தை எடுத்திருந்தாலும் என் விதி மாறியிராது. பொம்மையன் பிரித்தார்.

“வெள்ளை! அம்மா கேட்டது கெடச்சிருச்சு.”

அதோடு விடாமல், மற்றப் பொட்டலத்தையும் பிரிக்கக் குனிந்தார்.

“அதைப் பிரிக்காதீங்க சாமி. ஆத்தா சொன்னதுக்கப்புறம் நாம சரிபாக்குறது தப்பு” என்று கௌசல்யா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளை ஒரு தெய்வமென்றே எண்ணினேன்.

வீட்டுக்கு வந்ததும் தெய்வம் வாய் திறந்தது. “ஆணியில கெடக்குற சட்டையில செவ்வரளி வாடுது. எடுத்துச் சாமி படத்துக்கு வைங்க.”

“கௌசல்யா, அது வந்து...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தப் பொட்டலத்தப் பத்திரமா வச்சுக்கிறேன். பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு நீங்க சொல்ற அன்னைக்குப் பொம்மையனைக் கூப்பிட்டுப் பிரிப்போம்.”

திங்கட்கிழமை நான்கு பதினைந்துக்குப் பானுவைப் புஷ்பமேரி வீட்டில் விட்டேன். நான்கு முப்பதுக்கு வீடு வந்தேன். நான்கு நாற்பதுக்கு யாருமற்ற வீட்டில் வாய்ப்பாடு புறப்படவில்லை. நாற்பத்தொரு அபாயங்களும் வரிசையாக வந்து என் முன் நின்றன. ஐந்து மணிக்குக் காற்று வாங்கக் கிளம்பினேன். காற்று, என்ன காரணத்தாலோ, புஷ்பமேரி வீட்டுக் கொல்லைச் சுவரோரம்தான் வீசியது.

குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன். முழங்கால்வரை மண், அவிழ்ந்த சடை, தொண்டை கிழியக் கத்தியபடி என் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் விசில் ஊதாமலே ஒரு வண்டி கிளம்பிப் போய்விட்டது. கண்ணில் தூசி விழுந்தாற்போலிருந்தது, துடைத்துக்கொண்டேன்.

“அண்ணே, கெண்டக்கால் இழுத்துக்கிரும். உள்ள வந்து உக்காருங்க” என்றது ஒரு குரல். புஷ்பமேரி. கொய்யா மரத்தடியில் நாற்காலி ஒன்று துடைத்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

“நான் வருவேன்னு யாரு சொன்னா?” என்றேன் மிடுக்காக.

அவர் சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினார். கௌசல்யாவின் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன்: பூக்கட்டிப் பார்த்த வெள்ளிக்கு இரண்டு நாள் முந்தைய புதன்கிழமை. ‘உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டியது’ என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்:

‘பிள்ளை அழாது; அதன் அப்பா அழுவார், அவருக்கு ஒரு நாற்காலி போடவும்.’